கிருஷ்ண சந்திர டே

கிருஷ்ண சந்திர டே வங்காளப் பாடகர், நாடக நடிகர், திரைப்பட நடிகர், இசையமைப்பாளர். கே. சி. டே என்ற சுருக்கப் பெயரே இந்தியா முழுவதும் வழங்கிற்று. 1893 ஆகஸ்ட் 24 இல் கல்கத்தாவில் பிறந்தார். பிறந்த ஆண்டை 1894 என்று எழுதுவோரும் உண்டு. அதே நகரில் 1962 நவம்பர் 28 இல் காலமானார். பதின்மூன்று, பதினான்கு வயதளவில் இரு கண்களிலும் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவர் முறையாகப் பாட்டுக் கற்றார், மேடை ஏறினார், படத்தில் நடித்தார், ஏறத்தாழ 600 பாட்டுகளை இசைத்தட்டில் பதிந்தார். அவற்றுள் பெரும்பாலானவை வங்காளப் பாட்டுகள். இந்தி, உருது, குஜராத்தி மொழிகளிலும் பாடியிருக்கிறார். இஸ்லாமியப் பக்திப் பாடல்களான நஅத்துகளும் அவர் குரலில் வெளிவந்துள்ளன.

தமிழ் வாசகருக்கு, அதிலும் வன்னியில் இருந்து இதைப் படிப்பவருக்கு, இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். குரல் வழி அவ்வளவு புதிதல்ல. 1965 இல் வந்த ‘செம்மீன்’ மலையாளப் படத்தில் கடலைப் பார்த்து ஏங்கிப் பாடும் அந்த ஆண்குரலை முல்லைத்தீவுக் கரையில் எத்தனையோ பேர் வானொலியில் கேட்டிருப்பார்கள். அதைப் பாடிய மன்னா டே இவருடைய பெறாமகன். அந்தக் குரலுக்குப் பாடம் சொன்னவர் இந்தச் சித்தப்பாதான்.

அந்தகன் என்ற அடைமொழி

இசைத்தட்டுகளிலும் நாடக விளம்பரங்களிலும் அவர் பெயரோடு ‘அந்த காயக்’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. பார்வையற்ற பாடகன் என்பது பொருள். இன்றைய காதுக்கு இது கூசும். விழிப்புலனற்றவர் என்று சொல்லப் பழகிவிட்டோம், அதுவே முறை. ஆனால் அந்தக் காலத்து வழக்கில் அது இழிவுச் சொல்லாக மட்டும் நிற்கவில்லை. தமிழிலும் இதே சொல்லைப் பட்டமாகச் சுமந்த புலவர் இருந்தார். பதினேழாம் நூற்றாண்டின் அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். முதுகில் எழுத்தை எழுதிக் காட்டக் கற்றுக்கொண்டார் என்பது அவரைப் பற்றிய கதை. அவர் ஈழத்துக்கு வந்து பரராசசேகர மன்னனின் அவையில் பாடிப் பரிசு பெற்றதாகவும் மரபு சொல்கிறது. ஒருவர் பார்க்க முடியாதவர், மற்றவர் நடக்க முடியாதவர் என்ற இரட்டைப் புலவரின் கதையும் நாம் அறிந்ததே. இசையில் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) இருக்கிறார். குழந்தையிலேயே பார்வை இழந்து, புல்லாங்குழலைக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தியவர் அவர்.

வட இந்தியாவில் இந்த மரபின் தலைப்பெயர் சூர்தாஸ். கண்ணனைப் பாடிய பார்வையற்ற பக்தக் கவி. அங்கே பார்வையில்லாத பாடகர் யாரையும் ‘சூர்தாஸ்’ என்று அழைத்துவிடுவது இன்றும் வழக்கம். கே. சி. டேயின் வாழ்க்கை முழுவதும் இந்த நிழல் கூடவே வந்தது. அதனால் பிழைப்பு நடந்தது. அதனாலேயே நடிப்புக்கு ஒரு வேலியும் விழுந்தது.

கற்ற காலம்

வட கல்கத்தாவின் சிம்லா பகுதி அவருடைய ஊர். மதன் கோஷ் சந்தில் கூட்டுக் குடும்ப வீடு. விவேகானந்தர் பிறந்த வீடும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. தந்தை சிவசந்திர டே, தாய் ரத்னமாலா தேவி. பார்வை போன பையனுக்குப் பள்ளிக்கூடம் நின்றது. பாட்டு வாத்தியார்கள் வரத் தொடங்கினார்கள்.

ஆசிரியர்களின் பட்டியல் நீளம். சசிபூஷண் டே, சதீஷ் சட்டோபாத்தியாயர், சரோத் வித்துவான் கராமத்துல்லா கான், பாதல் கான், தபீர் கான் என்று அது போகும். கீர்த்தனத்துக்கு ராதாரமண் தாஸ். துருபத், கயால், தும்ரி ஆகிய செவ்வியல் வகைகளை உஸ்தாதுகளிடம் கற்றவர், வைணவக் கீர்த்தனத்தைத் தனியாக ஒரு கீர்த்தனக்காரரிடம் போய்க் கற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். வங்காளக் கீர்த்தனம் என்பது நம்முடைய கச்சேரிக் கீர்த்தனை அல்ல. ராதையும் கண்ணனும் பிரிந்து வாடும் பதங்களைக் கோலும் கரதாளமும் சேரக் கூட்டமாகப் பாடுவது அது. அங்கே கோல் என்பது மண்ணால் செய்த மத்தளம். பஜனைக்கும் கதாகாலட்சேபத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும் கலை என்று சொன்னால் ஓரளவு பிடிபடும். பாடுகிறவர் ஒரு வரியை நிறுத்தி, அதற்கு உரைபோல இன்னொரு வரியைக் கட்டி, மறுபடி பழைய வரிக்கே வருவார். பிற்காலத்தில் மூன்று நிமிட இசைத்தட்டுக்குள்ளும் கே. சி. டே இதைச் செய்தார். படத்தில் அவர் அழவைத்த இடங்களில் பாதி, ராகத்தால் வந்தது அல்ல, இந்த நிறுத்தத்தால் வந்தது என்பது என் எண்ணம்.

எச்.எம்.வி. நிறுவனம் இளமையிலேயே அவரைப் பதிவு செய்தது. ஒலிவாங்கி இல்லாத காலத்துப் பதிவுக்குக் கூம்புக்குள் முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டும். அதற்கேற்ற கனத்த, திறந்த குரல் அவருக்கு இயல்பாக இருந்தது.

மேடை

நாடக மேடையில் அவரை நிலைநிறுத்தியவர் சிசிர் குமார் பாதுரி. பேராசிரியர் வேலையை விட்டு நாடகத்துக்கு வந்தவர், வங்க மேடையை நவீனமாக்கியவர் என்று கொண்டாடப்படுபவர். 1924 இல் யோகேஷ் சௌத்ரி எழுதிய ‘சீதா’ நாடகத்தை பாதுரி அரங்கேற்றினார். அதில் கே. சி. டேக்கு வைதாளிகன் வேடம். அரசன் வாசலில் நின்று பாடும் பாணன் என்று கொள்ளலாம். ஹேமேந்திர குமார் ராய் எழுதிய பாட்டுகளை அவர் பாடினார். இராமன் சீதையைக் காட்டுக்கு அனுப்பிய பின் அயோத்தியின் துயரத்தை மேடையில் சுமந்தது அந்தக் குரல். நாடகம் பார்க்க வந்தவர்கள் அந்தப் பாட்டுக்காகவே மறுபடி வந்தார்கள்.

அண்ணாவியார் முன்னே நின்று பாட்டெடுக்க, ஆடுபவனும் பாட, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும் கூத்து மரபில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தில் கண்ணகியாக வருபவர் தன் பாட்டைத் தானே எடுக்க வேண்டும். குரலும் வேடமும் ஒரே உடம்பில் இருந்தால்தான் கூத்து. கல்கத்தா மேடையும் அன்று அப்படித்தான் இருந்தது. கே. சி. டே அந்த உலகத்தின் ஆள்.

1931 இல் ரங்மஹல் என்ற நாடக அரங்கை ரபி ராயுடன் சேர்ந்து தொடங்கினார். பார்வையற்ற ஒருவர் கூலிக்குப் பாடுபவராக மட்டும் இல்லாமல் அரங்கின் பங்காளியாகவும் இருந்தார் என்பது அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி. அது அப்படிக் கடந்துபோக வேண்டியதல்ல.

நியூ தியேட்டர்ஸ்

அதே 1931 இல் பி. என். சர்க்கார் கல்கத்தாவின் டாலிகஞ்சில் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். யானைச் சின்னம் பொறித்த இந்த நிறுவனத்துக்கு முதல் பெரிய வெற்றி தேவகி போஸ் இயக்கிய ‘சண்டிதாஸ்’ (1932). வைணவக் கவி சண்டிதாஸுக்கும் வண்ணாரப் பெண் ராமிக்கும் இடையிலான காதல் அதன் கதை. கே. சி. டே அதில் ஸ்ரீதாம் என்ற பார்வையற்ற பாடகன். மேடையில் ‘சீதா’ செய்ததைத் திரையில் இந்தப் படம் செய்தது. பேசும்படம் வந்து ஓராண்டு ஆன காலம் அது. குரல் வளம் உள்ள நடிகருக்கு அப்போது இருந்த கிராக்கி பெரிது.

தொடர்ந்து ‘புரண் பகத்’, ‘ராஜராணி மீரா’ (இரண்டும் 1933), ‘தேவதாஸ்’ (1935), ‘வித்யாபதி’ (1937), ‘தர்த்தி மாதா’ (1938) என்று படங்கள் வந்தன. பெரும்பாலும் ஒரே கதையை வங்காளத்திலும் இந்தியிலும் எடுப்பது அங்கே வழக்கம். பி. சி. பருவா இயக்கிய ‘தேவதாஸ்’ படத்தில் நாயகன் குடித்துச் சீரழிய, வழியில் ஒரு பார்வையற்ற பாடகன் வந்து பாடிவிட்டுப் போவான். கதைக்கு அவனால் ஒன்றும் நடக்காது. ஆனால் அவன் இல்லாவிட்டால் படத்துக்கு மூச்சு இல்லை.

‘வித்யாபதி’யில் வேடம் இன்னும் பெரிது. மிதிலைக் கவி வித்யாபதியாக பஹாரி சன்யால், அனுராதாவாக கானன் தேவி, அரசனாக பிருத்விராஜ் கபூர். கே. சி. டே மதுசூதன். அரசனும் அரசியும் கவியும் காதலில் தடுமாறுகிற கதையில், பார்க்கிற எல்லோரையும் விடத் தெளிவாக நடப்பதை உணர்பவன் இந்தப் பார்வையற்றவன். இது நாடகங்களில் பழைய உத்திதான். பார்வையில்லாதவனுக்கு ஞானக்கண் கொடுப்பது எழுத்தாளர்களுக்கு எளிது. கே. சி. டே அதில் செய்தது வேறு. முகத்தைத் தூக்கி வானத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்யமாட்டார். ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தலை இலேசாகச் சாயும். பேசுபவரின் முகத்துக்கு நேராக அல்ல, குரல் வருகிற இடத்துக்கு நேராக நிற்பார். பிற்காலத்தில் பார்வையற்ற வேடம் கட்டிய பல பெரிய நடிகர்களைப் பார்த்தபின் இவரைப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

வேலி என்று முன்னே சொன்னது இதைத்தான். ஸ்ரீதாம், அடுத்துச் சொல்லப்போகும் சூர்தாஸ், தேவதாஸின் வழிப்போக்கன், மதுசூதன். பெயர் மாறும், ஆள் ஒருவனே. பார்வையற்றவர் என்பதால் பார்வையற்றவன் வேடம். அதற்குள்ளேயே அவர் இத்தனை முகங்களைக் காட்டினார்.

இரவல் குரல்

1935 இல் நிதின் போஸ் ‘பாக்ய சக்ர’ என்ற வங்காளப் படத்தையும் அதையே இந்தியில் ‘தூப் சாவோன்’ என்றும் எடுத்தார். கடத்தப்பட்டுத் தொலைந்துபோன குழந்தையை எடுத்து வளர்க்கும் பார்வையற்ற பாடகன் சூர்தாஸாக கே. சி. டே நடித்தார். இதில் அவர் பாடிய பாட்டுகள் இந்தி பேசும் ஊர்களெங்கும் பரவின. இந்தியா முழுவதும் அவர் பெயர் போனது இந்தப் படத்தோடுதான்.

இதே படம் வேறொரு காரணத்துக்காகவும் வரலாற்றில் இருக்கிறது. அதுவரை நடிகர் கமராவுக்கு முன் நின்று பாடினார். வாத்தியக்காரர்கள் மரத்துக்குப் பின்னாலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் ஒளிந்திருந்து வாசித்தார்கள். பாட்டில் பிசிறு தட்டினால் காட்சியையே திரும்ப எடுக்க வேண்டும். பங்கஜ் மல்லிக் தன் வீட்டில் ஒரு ஆங்கில இசைத்தட்டைச் சுழலவிட்டு அதோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்ததைக் கண்ட நிதின் போஸுக்கு ஒரு யோசனை தோன்றியது என்று சொல்வார்கள். பாட்டை முதலில் பதிந்துவிட்டால், அதை ஒலிக்கவிட்டு நடிகரை உதடு அசைக்கச் சொல்லலாம் அல்லவா? இசையமைப்பாளர் ராய்சந்த் போரால், ஒலிப்பதிவாளர் முகுல் போஸ் ஆகியோர் அதை நடைமுறைப்படுத்தினார்கள். பாருல் கோஷ், சுப்ரபா சர்க்கார், ஹரிமதி ஆகிய மூன்று பெண்கள் பாடிய பாட்டு அப்படிப் படத்தில் வந்தது. இந்தியத் திரையில் பின்னணிப் பாட்டின் தொடக்கமாக இந்தப் படத்தைச் சொல்வது வழக்கம். தமிழில் அந்தப் பெயர் ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் ‘நந்தகுமார்’ (1938) படத்துக்குப் போகிறது.

ஆக, தன் குரலைத் தன் முகத்தோடு சேர்த்தே கொடுத்த கே. சி. டேயின் மிகப் பெரிய வெற்றிப் படமே, குரலையும் முகத்தையும் பிரிக்கும் கத்தியாகவும் இருந்தது. பத்தாண்டுகளுக்குள் பாடத் தெரிந்த நடிகர் என்ற இனமே அருகிவிட்டது. நமக்கு எம். கே. தியாகராஜ பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் அந்த இனம். பாகவதருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடுப்பு இருக்கிறது. அவர் நடித்த ‘சிந்தாமணி’ (1937) பில்வமங்களின் கதை. காமத்தில் அலைந்து, பிறகு பார்வையற்றவனாகிக் கண்ணனைப் பாடும் பக்தன் அவன். இதே கதையைக் கல்கத்தாவில் கிரீஷ் சந்திர கோஷ் 1880களிலேயே நாடகமாக்கி ஓட்டியிருந்தார். பாகவதரின் அடுத்த பெரிய வெற்றியான ‘அம்பிகாபதி’ படமாக்கப்பட்டது கல்கத்தாவின் ஈஸ்ட் இந்தியா ஃபிலிம் கம்பெனி ஸ்டூடியோவில். கே. சி. டே பாடி நடித்துக்கொண்டிருந்த அதே நகரில், அதே ஆண்டுகளில்.

பம்பாயும் பெறாமகனும்

1940 அளவில் நியூ தியேட்டர்ஸுடன் அவருடைய தொடர்பு முடிந்தது. 1942 இல் பம்பாய்க்குப் போனார். கூடவே அண்ணன் மகன் பிரபோத் சந்திர டே என்ற மன்னா டே (1919–2013) போனார். சித்தப்பாவுக்கு எழுத்துவேலை, சுரக்குறிப்பு எழுதுதல், வழித்துணை எல்லாம் அவர்தான். பையன் கல்லூரியில் படிக்கும்போது பாட்டுப் போட்டிகளில் மூன்று ஆண்டு தொடர்ந்து முதலிடம் எடுத்தவன். பம்பாய்க்குப் போன அதே ஆண்டில் சித்தப்பா இசையமைத்த ‘தமன்னா’ படத்தில், சிறுமியாக இருந்த சுரையாவுடன் சேர்ந்து பாடி மன்னா டே திரையில் நுழைந்தார்.

அடுத்து நடந்தது இந்தித் திரையிசை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சம்பவம். விஜய் பட் ‘ராம் ராஜ்யா’ (1943) எடுத்துக்கொண்டிருந்தார். வால்மீகி வேடத்துக்கு ஒரு கனத்த குரல் தேவைப்பட்டது. கே. சி. டேயிடம் வந்து கேட்டார்கள். இன்னொரு நடிகனுக்குத் தன் குரலை இரவல் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. அருகில் நின்ற பெறாமகனைக் காட்டி, இவன் பாடுவான் என்றார். மன்னா டே பாடினார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இளைஞன் கிழமுனிவருக்குப் பாடியது அவ்வளவு பொருந்திப்போனதால், அதற்குப் பிறகும் கிழவர்களுக்கும் முனிவர்களுக்கும் பாடவே அவரைக் கூப்பிட்டார்கள். பல காலம் அந்த முத்திரை போகவில்லை.

இதைப் பெருந்தன்மைக் கதையாகச் சொல்வார்கள். அது பாதிதான். தன் பாட்டை வேறொருவனின் வாய்க்குள் வைக்க மறுத்தவரின் பிடிவாதம் மற்றப் பாதி. பார்வையற்றவருக்கு மேடையிலும் திரையிலும் இடம் கிடைத்ததே அவர் பாடியதால். பாட்டு மட்டும் போதும், ஆள் வேண்டாம் என்று சினிமா சொல்லத் தொடங்கியதும் அந்த இடம் போய்விடும் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். அப்படியே நடந்தது. 1951 இல் ‘தீதார்’ படத்தில் பார்வையற்ற தெருப்பாடகனாக திலீப் குமார் நடித்தார். குரல் முகமது ரஃபியுடையது. தமிழில் ‘ராஜபார்வை’ (1981) பார்வையற்ற வயலின் கலைஞனின் கதை. நடித்தவர் கமல்ஹாசன், பாடியவர் எஸ். பி. பாலசுப்பிரமணியம். இரண்டும் நல்ல படங்கள். இரண்டிலும் பார்வையற்றவர் இல்லை.

இந்த வழக்கத்தை மீறித் தமிழ்த் திரையில் ஒருவர் வந்தார். சேரனின் ‘ஆட்டோகிராப்’ (2004) படத்தில் பார்வையற்ற பாடகர் கோமகன் தன் இசைக்குழுவோடு திரையில் தோன்றினார். அவர்கள் தோன்றிய பாட்டை எழுதிய பா. விஜய்க்கும் பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. கோமகன் 2021 மே மாதம் கொரோனாவால் இறந்தார். கே. சி. டேக்கும் இவருக்கும் நடுவே எழுபது ஆண்டுத் தூரம்.

மாணாக்கர்

சச்சின் தேவ் பர்மன் (எஸ். டி. பர்மன்) திரிபுரா அரச குடும்பத்து இளைஞராகக் கல்கத்தாவுக்குப் படிக்க வந்தபோது 1925 முதல் சுமார் ஐந்து ஆண்டு கே. சி. டேயிடம் பாட்டுக் கற்றார். வீட்டுக்கு வெளியே முறையாகக் கற்பித்த முதல் குரு இவரே. இந்தித் திரையிசையில் கிழக்கு வங்காளப் படகுப் பாட்டின் வாசனையைக் கொண்டுவந்தவர் என்று பர்மனைப் பாராட்டுவோர், அவருடைய குரலை உருட்டி எடுத்த ஆசானை மறந்துவிடுகிறார்கள். மன்னா டேயை அப்படி மறக்க முடியாது. 2007 ஆம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருது வரை போன அவர், கடைசிவரை சித்தப்பா பெயரைச் சொல்லாமல் தன் பாட்டைப் பற்றிப் பேசியவர் அல்ல.

பின்னாட்கள்

பம்பாய் அவருக்கு ஒட்டவில்லை. 1946–47 அளவில் கல்கத்தாவுக்குத் திரும்பினார். நாட்டு விடுதலைக்காக உயிர் கொடுத்தவர்களை நினைந்து மோகினி சௌத்ரி எழுதிய பாட்டுக்கு மெட்டமைத்துப் பாடியதும் அவர்தான். அந்தப் பாட்டை ஆகஸ்ட் 15 இல் வங்காளத்தில் இன்றும் பாடுகிறார்கள். இப்படியொரு பாட்டு எழுதியவன் கையைவிட்டு, பாடியவன் வாயைவிட்டு, வீடுகளின் பாட்டாக எப்படி மாறும் என்பதை வன்னி வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கேட்க விரும்புவோருக்கு

இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் காலையில் பழைய திரைப்பாட்டுகள் போகும் நிகழ்ச்சி ஒன்று இருந்தது. பாடகரும் நடிகருமான கே. எல். சைகலின் பாட்டோடு முடியும். சைகலின் காலத்துப் பாடகர்களை இங்கே பலர் பாஷை தெரியாமலே கேட்டது அதில்தான். இப்போது அந்தச் சுற்றுவழி தேவையில்லை. இந்தி ‘தேவதாஸ்’, ‘வித்யாபதி’ இரண்டும் இணையத்தில் முழுதாகக் கிடைக்கின்றன. இசைத்தட்டுப் பாட்டுகளும் நிறையக் கிடைக்கின்றன. ஒலி கரகரக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். பார்வையற்றவர் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். முதலில் ‘வித்யாபதி’யைப் போட்டு, மதுசூதன் வரும் இடங்களில் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். அந்த முகத்தில் இருந்துதான் அந்தக் குரல் வருகிறது.